கூண்டுக் குருவியின் சுண்ணாம்புக் கணக்கு

ஜீப்ரா ஃபின்ச் என்னும் ஆஸ்திரேலியக் குருவியின் எடை சுமார் 12 கிராம். நாள் ஒன்றுக்கு அது கொத்தித் தின்னும் தானியம் ஏறக்குறைய 3 கிராம். நம் ஊர்க் கூண்டுகளில் அந்தத் தானியம் பெரும்பாலும் தினைதான். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணை, 100 கிராம் தினையில் 31 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகச் சொல்கிறது. ஆக, குருவியின் ஒரு நாள் கால்சிய வரவு 1 மில்லிகிராமைக்கூடத் தொடவில்லை.

இனி செலவு. பெட்டை இடும் முட்டை சுமார் 1 கிராம். அதில் ஓட்டின் பங்கு ஐந்தாறு சதவீதம். ஓடு கிட்டத்தட்ட முழுவதுமே கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். பெருக்கிப் பார்த்தால் முட்டை ஒன்றுக்குத் தோராயமாக 20 மில்லிகிராம் வருகிறது. தினையை மட்டும் நம்பினால், தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டினாலும், ஒரே ஒரு முட்டைக்கு மூன்று வாரம் சேமிக்க வேண்டும். பெட்டையோ நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டைகளைத் தொடர்ந்து இட்டுவிடுகிறது.

கணக்கு இடிக்கிறது. இடிக்கும் இடத்தில்தான் பறவை வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஓடே இல்லாத தோல் முட்டை. அடையில் உட்கார்ந்த கனத்துக்கே நொறுங்கும் மெல்லிய ஓடு. முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ள, இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் முடங்கிவிடும் பெட்டை. முட்டைப் பாதையின் தசை சுருங்கித் தள்ளுவதற்கும் கால்சியம் வேண்டும். ஓட்டைக் கட்டவும் பற்றாக்குறை, கட்டியதை வெளியே தள்ளவும் பற்றாக்குறை என்று இரட்டை அடி விழுகிறது. “நேத்து வரைக்கும் நல்லாத்தான் தின்னுச்சு” என்று சொல்லி வருந்தும் திடீர்ச் சாவுகள் சிலவற்றுக்கு இதுதான் காரணம். தின்னத்தான் தின்றது. தின்றதில் சரக்கு இல்லை.

பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே பேசப்போவது வெளிநாட்டு இனங்களைப் பற்றி: ஜீப்ரா ஃபின்ச், பெங்காலி ஃபின்ச், கூல்டியன் ஃபின்ச், கேனரி, காக்கட்டீல், நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜெரிகர். இனம் பலவானாலும் தீனிக் கிண்ணம் ஒன்றுதான். அதனால் குறைகளும் பெரும்பாலும் ஒன்றே.

எலும்புக்குள் ஒரு கிடங்கு

முட்டை ஓடு எப்படி உருவாகிறது என்பதைக் கோழியில்தான் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கோழி முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. முட்டை, ஓட்டுச் சுரப்பியில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. ஓடு மும்முரமாகப் படியும் வேளையில் மணிக்கு 100 முதல் 150 மில்லிகிராம் கால்சியம் இரத்தத்திலிருந்து உறிஞ்சப்படுகிறது. கோழியின் மொத்த இரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருப்பது சில பத்து மில்லிகிராம்தான். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தின் கால்சியம் முழுவதும் புதிதாக நிரம்பினால்தான் வேலை நடக்கும். இந்த வேலையின் பெரும்பகுதி இரவில், கோழி தூங்கும்போது நடக்கிறது. தூங்குகிற கோழிக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்?

மாலையில் விழுங்கி இரைப்பையில் தங்கியிருப்பது ஒரு பங்கு. இன்னொரு பங்கு எலும்பிலிருந்து வருகிறது. முட்டையிடும் பருவம் நெருங்கும்போது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் தூண்டுதலால், பெண் பறவையின் தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் உட்குழிக்குள் புதிதாக ஒரு பஞ்செலும்பு வளர்கிறது. உடம்பைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை. கால்சியத்தை வைத்திருந்து எடுத்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. பருவம் முடிந்ததும் கரைந்துவிடும். இந்த ஏற்பாடு மிகப் பழையது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் மேரி ஷ்வைட்சரும் அவருடைய குழுவினரும் டைரனோசாரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்புக்குள் இதே வகைத் திசுவைக் கண்டார்கள். அந்த டைனோசர் பெண் என்றும், முட்டையிடும் பருவத்தில் இறந்தது என்றும் அதை வைத்தே சொன்னார்கள்.

கோழிக்குக் கிடங்கு பெரிது. பத்துப் பன்னிரண்டு கிராம் குருவிக்கோ கிடங்கு மிகச் சிறிது. ஐரோப்பாவின் பெரும் பட்டாணிக்குருவியை எடுத்துக்கொண்டால், ஒரு ஈத்தில் அது இடும் முட்டைகளின் ஓட்டில் இருக்கும் கால்சியம், தாயின் எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பதைவிட அதிகம். எலும்பையே முழுதாகக் கரைத்தாலும் போதாது. ஆகவே சிறு பறவைகள் முட்டையிடும் நாட்களில் அன்றன்றைக்கு வெளியே தேடித்தான் ஆக வேண்டும். தேடுவதும் குறிப்பாக மாலையில், கூடு அடையும் நேரத்துக்கு முன்னால். இரவில் கட்டப்போகும் ஓட்டுக்கான சரக்கை அந்திக்குள் வயிற்றில் ஏற்றிக்கொள்வதாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

நத்தை ஒழிந்த காடு

தேடியும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்துக் காடு ஒன்று காட்டிக்கொடுத்தது. 1980களில் அங்கே பெரும் பட்டாணிக்குருவிகளைக் கண்காணித்து வந்தவர்கள் கூடுகளில் விபரீதமான முட்டைகளைக் கண்டார்கள். ஓடு மெலிந்தும் துளை மிகுந்தும் இருந்ததால் உள்ளே இருந்த ஈரம் வற்றிப்போனது. சில பெட்டைகள் ஓடில்லா முட்டை இட்டுவிட்டு வெறும் கூட்டில் அடை கிடந்தன. 1983–84 வாக்கில் பத்தில் ஒரு பெட்டைக்கு இருந்த குறை, 1987–88இல் பத்தில் நான்கு பெட்டைகளுக்குப் பரவியிருந்தது.

முட்டை ஓடு மெலிகிறது என்றால் அந்தக் காலத்து ஆய்வாளர்களின் நினைவு முதலில் டி.டி.டி. பூச்சிமருந்துக்குத்தான் போகும். பருந்து வகைப் பறவைகளை அது படுத்திய பாடு அப்படி. ஆனால் இந்தக் காட்டின் குற்றவாளி வேறு. யாப் கிராஃப்லாண்ட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். அமில மழை அந்த மணற்பாங்கான மண்ணிலிருந்து கால்சியத்தைக் கழுவிக் கொண்டுபோயிருந்தது. கால்சியம் இல்லாத மண்ணில் நத்தை ஓடு கட்ட முடியாது. நத்தைகள் அருகிப்போயின. பட்டாணிக்குருவிக்குப் புழுவும் பூச்சியும் வேண்டிய மட்டும் கிடைத்தன. ஆனால் அவற்றில் கால்சியம் சொற்பம். அது ஆண்டாண்டாக நம்பியிருந்தது நத்தை ஓட்டை. 1994இல் ‘நேச்சர்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

ஆய்வில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. ஆய்வாளர்கள் நத்தை ஓட்டையும் கோழி முட்டை ஓட்டையும் காட்டில் வைத்தபோது பெட்டைகள் அவற்றை எடுத்துத் தின்றன, முட்டைகள் சீரடைந்தன. மக்கள் சுற்றுலா வந்து உட்காரும் இடங்களுக்கும் கோழி வளர்க்கும் வீடுகளுக்கும் அருகே வாழ்ந்த குருவிகளோ, மனிதர் எறிந்த முட்டை ஓட்டையும் கோழிக்கு வைத்த சிப்பித் தூளையும் பொறுக்கி ஏற்கெனவே சமாளித்துக்கொண்டிருந்தன.

அதாவது, கால்சியம் குறைந்தால் பறவைக்கு அதற்கென்றே ஒரு பசி வருகிறது. எதிரே வைத்தால் அடையாளம் கண்டு, தேவையான அளவு தின்கிறது. தேவை தீர்ந்ததும் விட்டுவிடுகிறது. இது கோழிகளிலும் நிரூபிக்கப்பட்ட ஒன்று. முட்டையிடும் நாட்களில் கூண்டுப் பெட்டை மாலைதோறும் கணவாய் ஓட்டில் தொற்றிக்கொண்டு சுரண்டுவதையும், ஈத்து முடிந்து அடை தொடங்கியதும் அந்த ஆர்வம் குறைவதையும் வளர்ப்பவர்கள் பார்க்கலாம். தினை மட்டும் வைத்த கூண்டு, நத்தை ஒழிந்த காடுதான். ஒரே வித்தியாசம், கூண்டிலிருந்து பறந்துபோய்த் தேட வழியில்லை.

கணவாய் ஓடு என்னும் கட்டடம்

கடைகளில் கிடைக்கும் கால்சியப் பொருள்களில் மிகப் பழையதும் மிக நம்பகமானதும் கணவாய் ஓடுதான். நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று கேட்டாலும் இதையே எடுத்துத் தருவார்கள். கணவாய்க்கு வெளியே ஓடு இல்லை. முதுகுத் தோலுக்கு அடியில் நீள்வட்டமாக, வெண்மையாக, உள்ளே இருக்கிறது. கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத லேசு. மேல்புறம் நகத்துக்கு மசியாத கெட்டி. திருப்பி அடிப்புறத்தில் நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது.

அந்த மாவு போன்ற பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குமாடி தெரியும். மெல்லிய தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க, இடையிடையே நெளிந்த சுவர்கள் அவற்றைத் தாங்குகின்றன. அறைகளுக்குள் வாயு. அறைகளில் உள்ள நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. தளமும் சுவரும் அரகோனைட் என்ற வடிவிலான கால்சியம் கார்பனேட். ஆழத்துக்காகக் கட்டப்பட்ட இந்த வெற்றறைக் கட்டடம்தான் 12 கிராம் குருவியின் அலகுக்கும் உடைகிற பதத்தில் அமைந்துவிட்டது. இரைப்பை அமிலத்தில் எளிதில் கரைகிறது. கூடவே கொஞ்சம் மெக்னீசியம், சோடியம் போன்ற கடல் தாதுக்களும் கிடைக்கின்றன.

கடற்கரையில் ஒதுங்கிய ஓட்டையும் பயன்படுத்தலாம். எண்ணெய்க் கறை படிந்ததை எடுக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் சில நாட்கள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி உப்பை வெளியேற்றி, கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். கூண்டில் கட்டும்போது மெத்தென்ற அடிப்புறம் பறவையைப் பார்த்திருக்க வேண்டும். உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில், எச்சம் விழாத உயரத்தில் கட்டுவது நல்லது.

கணவாய் ஓட்டுக்கு வழியில்லையா? சமையலறையில் வீசும் கோழி முட்டை ஓடே போதும். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, ரவை பதத்துக்கு நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூளும் இதே கால்சியம் கார்பனேட்தான்.

வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் கூண்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அது கார்பனேட் இல்லை, ஹைட்ராக்ஸைடு. கடுமையான காரம். அலகுக்குள்ளும் தொண்டையிலும் புண்ணாக்கும்.

‘கிரிட்’ என்று விற்கப்படும் கரையாத கல்மணல் எல்லாக் கூண்டுப் பறவைக்கும் வேண்டும் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. புறா தானியத்தை உமியோடு முழுதாக விழுங்குகிறது. அதை அரைக்க அரைவைப்பையில் கல் வேண்டும். ஃபின்ச்சும் பட்ஜெரிகரும் அலகாலேயே உமியை நீக்கி அரிசியை மட்டும் விழுங்குபவை. கல் இல்லாமலே அவை செரித்துக்கொள்ளும். நோயுற்ற பறவை கல்லை அளவுக்கு மீறி விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு. கரையக்கூடிய கிளிஞ்சலும் கரையாத கல்லும் ஒரே பொட்டலத்தில் கலந்து வரும் என்பதால், வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

பாஸ்பரஸ் போடும் முட்டுக்கட்டை

தினையின் குறை கால்சியம் இல்லாதது மட்டுமல்ல. அதே அட்டவணையில் 100 கிராம் தினைக்கு 290 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளது. கால்சியத்தைப் போல ஒன்பது மடங்கு. பறவைத் தீனியில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது என்பது பொது விதி. இங்கே நிலைமை தலைகீழ். போதாக்குறைக்குத் தானியத்தின் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் இருக்கிறது. அது கால்சியம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது.

நம் கையில் இருக்கும் கேழ்வரகு இதற்கு விதிவிலக்கான சிறுதானியம். 100 கிராமில் 344 மில்லிகிராம் கால்சியம், 283 பாஸ்பரஸ். அதிலும் ஃபைட்டேட் உண்டு என்பதால் முழுப் பயனும் கிடைக்காது. ஆனாலும் தினையோடு கொஞ்சம் கலந்து வைப்பதில் நட்டம் இல்லை. முருங்கைக்கீரை இன்னும் நல்லது. 100 கிராமில் 440 மில்லிகிராம் கால்சியம், 70 மில்லிகிராம் பாஸ்பரஸ், தாராளமான பீட்டா கரோட்டின். ஒரு கொத்தைக் கம்பியில் செருகிவிட்டால் பறவைகளுக்குக் கொறிக்கவும் பொழுது போகும். பாலக் கீரையில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கரையாத உப்பாக மாற்றிவிடும் என்பதால் அதை அன்றாடக் கீரையாக்க வேண்டாம். எந்தக் கீரையானாலும் பூச்சிமருந்து போக நன்றாக அலசுவது கட்டாயம்.

தானியத்தை முளைகட்டினால் ஃபைட்டேட் குறைகிறது, சில வைட்டமின்கள் கூடுகின்றன. ஆஸ்திரேலியாவில் காட்டு ஜீப்ரா ஃபின்ச்சுகள் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பால் பிடித்த, பாதி முற்றிய புல் விதைகளைத்தான். முளைதானியம் அதற்கு நெருக்கமான மாற்று. ஆனால் நம் ஊர் வெக்கையில் முளை கட்டுவதும் பூஞ்சை பிடிப்பதும் ஒன்றையொன்று துரத்தும். வாடை மாறினாலோ வழுவழுத்தாலோ கொட்டிவிட வேண்டும். பூஞ்சையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம், தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்போதுதான்.

கண்ணாடி மறிக்கும் சத்து

கணவாய் ஓடு கூண்டில் தொங்குகிறது, பெட்டை தின்னவும் செய்கிறது, ஆனாலும் தோல் முட்டை வருகிறது. இந்தப் புதிருக்கு விடை வைட்டமின் டி. குடலில் இருக்கும் கால்சியத்தை இரத்தத்துக்குள் இழுக்க அது வேண்டும். பறவைத் தோலில், குறிப்பாக இறகு மூடாத கால், முகப் பகுதிகளில், அதற்கான மூலப்பொருள் உள்ளது. வெயிலின் புற ஊதா–பி கதிர் பட்டால் அது டி3 ஆக மாறுகிறது.

இந்தக் கதிரைச் சன்னல் கண்ணாடி அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வளர்த்த கோழிக்குஞ்சுகளின் கால்கள் வலுவிழப்பதையும், நேரடி வெயில் அதைத் தடுப்பதையும் 1920களிலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்துவிட்டார்கள். வெளிச்சமான அறையில் வைத்திருக்கிறோமே என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் சிலர் சொல்வதுண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வேறு, டி3 செய்யும் கதிர் வேறு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளில் இதன் விளைவு கொடுமையாகத் தெரியும். இரத்தத்தில் கால்சியம் சரிந்து, திடீரென வலிப்பு வந்து குச்சியிலிருந்து விழும்.

மருந்து மிக மலிவு. காலை வெயிலில், கண்ணாடி இல்லாத இடத்தில், கூண்டின் பாதிக்கு நிழல் இருக்கும்படி, அரை மணி நேரம் வைத்தால் போதும். நிழல் கட்டாயம். ஒதுங்க இடமில்லாத சிறு பறவை சூட்டில் சீக்கிரம் மடியும். காக்கையும் பூனையும் எட்டாதபடி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வெயிலுக்கே வழியில்லாத வீட்டில் டி3 மருந்து தேவைப்படலாம். அப்போது சீட்டில் டி3 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாவர வழி டி2 பாலூட்டிகளுக்கு உதவும் அளவுக்குப் பறவைகளுக்கு உதவுவதில்லை.

வைட்டமின் பிறந்த கிண்ணம்

தானியம் மட்டும் போதாது என்பதை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்ததே பறவைதான். 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு சேர்த்தால் தேறுவதையும் கண்டார். தவிட்டில் இருந்த அந்தச் சத்து பின்னாளில் பி1 வைட்டமின் என்று அறியப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் குருவிக்கு நொய்யரிசி மட்டும் போடும் வீடுகள் எய்க்மானின் சோதனையைத் தெரியாமல் திரும்பச் செய்துகொண்டிருக்கின்றன.

தானியத்தில் இன்னொரு பெரிய ஓட்டை வைட்டமின் ஏ. அது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுப் பாதை ஆகியவற்றின் மென்சவ்வு தடித்துக் காய்ந்து, கிருமிகளுக்கு வாசல் திறந்துவிடுகிறது. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினைப் பறவை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் என்பதால் தினம் கொஞ்சம் பச்சை இருந்தால் போதும்.

கரோட்டினின் உறவினர்களான கரோட்டினாய்டுகளே ஆண் ஜீப்ரா ஃபின்ச்சின் அலகுக்குச் சிவப்பைத் தருபவை. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கரோட்டினாய்டு கூடுதலாகப் பெற்ற ஆண்களின் அலகு மேலும் சிவந்தது, நோய் எதிர்ப்பாற்றல் கூடியது, பெட்டைகளும் அவற்றையே விரும்பின. அலகின் நிறம் பறவையின் உடல்நிலையைச் சொல்லும் சீட்டு.

ஆனால் எல்லாப் பறவைக்கும் ஒரே சீட்டு செல்லாது. வெள்ளைக் கேனரிகளில் ஒரு வகைக்கு ஒரு மரபணுப் பிழை உண்டு. அதனால் கரோட்டினாய்டைக் குடலில் உறிஞ்சவே முடியாது. இறகு வெளுத்திருப்பதும் அதனால்தான். மலைபோலக் கீரை கொடுத்தாலும் அதற்குப் பயனில்லை. வைட்டமின் ஏ நேரடியாக, அளவோடு கொடுத்தாக வேண்டும்.

பட்ஜெரிகருக்கு அயோடின் தனிக் கவலை. தானியத்தையே தின்று வளரும் பட்ஜெரிகருக்கு தைராய்டு வீங்கலாம். அந்தச் சுரப்பி மார்பு வாசலில் மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் பக்கத்தில் இருப்பதால், மூச்சில் கீச்சொலி, குரல் மாற்றம், தின்றதைக் கக்குதல் என்று தெரியவரும். இதற்கு அயோடின் சேர்த்த தாதுக்கட்டியோ மருத்துவர் தரும் மருந்தோதான் வழி. அயோடின் உப்பைத் தண்ணீரில் கரைத்துவைப்பது வழியல்ல. தேவை மைக்ரோகிராம் கணக்கில். உப்போ சிறு பறவைக்கு நஞ்சாகிவிடும்.

புரதத்தையும் மறக்க வேண்டாம். இறகு முழுவதும் புரதம். தானியப் புரதத்தில் லைசினும் மெத்தியோனினும் குறைவு. குஞ்சு வளரும்போதும் இறகு உதிர்த்து முளைக்கும்போதும் அவித்த முட்டையை மசித்து ஒரு சிட்டிகை வைக்கலாம். கோடையில் இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும்.

கூடினாலும் கேடு

குறைவின் கதையைக் கேட்டதும் கை தானாக டானிக் பாட்டிலுக்குப் போகும். இங்கேதான் நிதானம் வேண்டும். கால்சியத்தைத் தனியாக வைத்தால் பறவை தானே அளந்து தின்னும். டி3, ஏ, இரும்பு, அயோடின் ஆகியவற்றை அளக்க அதற்குத் தெரியாது. தீனியிலும் தண்ணீரிலும் நாம் கலந்துவிட்டால் விழுங்குவதைத் தவிர வழியில்லை.

டி3 மிகுந்தால் கால்சியம் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் படிந்து கெட்டியாகும். முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். அன்றாடம் முட்டையிடும் கோழிக்கு அது பொருந்தும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் முட்டையிடும் சிறு பறவைக்கும், சேவலுக்கும், குஞ்சுக்கும் அதை முழு உணவாக்கினால் சிறுநீரகம் கெடும். மைனா, டூக்கன் இனங்களில் இரும்பு ஈரலில் தேங்கியே உயிரைக் குடிக்கும். இரும்புச் சத்து டானிக் அவற்றுக்கு எமன். மனிதக் குழந்தைக்கான சிரப்பில் ஒரு சொட்டு என்பது 12 கிராம் உடம்புக்கு எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே பயம் வரும்.

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தில் வேறு சிக்கல். வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இறங்கிவிடும். தண்ணீரில் கிருமி பெருகும். ருசி பிடிக்காத பறவை தண்ணீரையே குறைத்துக்கொள்ளும். எவ்வளவு உள்ளே போனது என்பது யாருக்கும் தெரியாது.

கேட்காமலே வந்து சேரும் தாதுவும் உண்டு. துத்தநாகப் பூச்சுப் பூசிய புதுக் கம்பிக் கூண்டைக் கிளி இனங்கள் கொறித்தால் துத்தநாக நஞ்சேறும். புதுக் கூண்டை வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவி, உதிரும் பூச்சை நீக்கிய பிறகே பறவையை விட வேண்டும். பழைய பெயின்ட் பூச்சில் ஈயம் இருக்கலாம்.

ஆக, ஃபின்ச் வளர்ப்பவருக்கு வேண்டியவை சில. இரண்டு மூன்று வகைச் சிறுதானியம், எப்போதும் தொங்கும் கணவாய் ஓடு அல்லது வேகவைத்த முட்டை ஓடு, தினம் ஒரு கொத்துக் கீரை, கண்ணாடி மறிக்காத காலை வெயில், இனப்பெருக்கக் காலத்தில் கொஞ்சம் அவித்த முட்டை. ஆண்டு முழுவதும் கூட்டுப்பானையைத் தொங்கவிட்டு ஈத்துமேல் ஈத்து எடுப்பது, எந்தத் தாதுவாலும் ஈடுகட்ட முடியாத செலவு. இரண்டு மூன்று ஈத்துக்குப் பிறகு பானையை எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். உணவை மாற்றும்போது படிப்படியாக மாற்றுங்கள். தெரியாத தீனியைத் தொடாமல் ஓரிரு நாள் பட்டினி கிடந்தாலே இவ்வளவு சிறிய பறவை இறந்துவிடும். பெட்டை இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாதீர்கள். கூண்டை வெதுவெதுப்பாக வைத்தபடி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.